அம்மாவுக்கு டயாலிசிஸ், எனக்கு மாரத்தான்: புதிதாக ஓட வருபவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

அம்மாவுக்கோ அப்பாவுக்கோ சிறுநீரகம் செயலிழந்து டயாலிசிஸ் நடக்கிறது. அவர் பெயரைச் சொல்லி நாலு பேருக்கு உதவியாக ஏதாவது செய்ய வேண்டும் என்று மனசு அடித்துக்கொள்கிறது. அந்த நேரத்தில்தான் பலர், அதுவரை தெருமுனை வரைகூட ஓடாதவர்கள், ஜனவரியில் நடக்கும் சென்னை மாரத்தானில் ஓடி நிதி திரட்டலாம் என்று முடிவெடுக்கிறார்கள். என் அம்மாவும் டயாலிசிஸில் இருந்தவர். அவருக்காகத்தான் நானும் ஓட வந்தேன். பிறகு இதே காரணத்தோடு வந்த பலரோடு சேர்ந்து ஓடியிருக்கிறேன். அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்டவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். நான் மருத்துவர் இல்லை. உடம்பு சம்பந்தப்பட்டதை உங்கள் மருத்துவரிடம் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள்.

நான் ஓடியதே இல்லை. 42 கிலோமீட்டர் என்னால் முடியுமா?

முடியும். ஆனால் மூன்று மாதத்தில் முடியாது, ஓராண்டு வேண்டும். முழு மாரத்தானின் தூரம் 42.195 கிலோமீட்டர். இந்தத் தூரத்துக்கு நுரையீரலும் இதயமும் சீக்கிரம் பழகிவிடும். தசைநாண், மூட்டு, எலும்பு எல்லாம் பழக மாதக்கணக்கில் ஆகும். புதியவர்களுக்கு அடிபடுவது பெரும்பாலும் இந்த இடைவெளியில்தான். மூச்சு வாங்கவில்லையே என்று தூரத்தைக் கூட்டுவார்கள், முழங்கால் விட்டுவிடும்.

ஃபௌஜா சிங் என்ற பஞ்சாபிப் பெரியவர் கண்ணெதிரே மகனை இழந்த துக்கத்தில் இருந்து மீளத்தான் ஓட வந்தார். 2000-இல் லண்டன் மாரத்தானை ஓடியபோது அவருக்கு வயது 89. அவரும் பயிற்சியாளரோடு சேர்ந்து முறையாகப் பழகித்தான் ஓடினார். துக்கமும் அன்பும் ஒருவரைக் காலையில் எழுப்பிவிடும், சரி. ஆனால் கால்களைத் தயார் செய்வது பயிற்சி மட்டும்தான்.

எந்த மாதம் ஆரம்பிக்க வேண்டும்?

ஜனவரி ஓட்டத்துக்கு அதற்கு முந்தைய ஆண்டின் பிப்ரவரியில் ஆரம்பியுங்கள். ஜூனில் நிற்காமல் 5 கிலோமீட்டர், ஆகஸ்டில் 10, அக்டோபர் தொடக்கத்தில் 21, டிசம்பர் நடுவில் ஒரே ஒருமுறை 30 அல்லது 32 என்று போனால் போதும். 42-ஐப் பயிற்சியில் ஓடிப் பார்க்கவே கூடாது. அதிலிருந்து உடம்பு தேறவே வாரங்கள் பிடிக்கும். கடைசி மூன்று வாரம் தூரத்தைக் குறைத்துக்கொண்டே வர வேண்டும். அதைத்தான் ஓட்டக்காரர்கள் டேப்பர் என்கிறார்கள்.

ஏற்கனவே ஜூலை, ஆகஸ்ட் ஆகிவிட்டதா? இந்த ஆண்டு 10 கிலோமீட்டர் பிரிவில் பதிவு செய்யுங்கள். நிதி திரட்டுவதற்கு 10 கிலோமீட்டர் எந்த வகையிலும் குறைந்ததில்லை. நன்கொடை கொடுப்பவர் உங்கள் அம்மாவைப் பார்த்துக் கொடுக்கிறார், தூரத்தை அளந்து கொடுப்பதில்லை. வீட்டில் நோய் புதிதாகத் தெரியவந்த முதல் ஆறு மாதத்தில் இருப்பவர்களுக்கு 10 கிலோமீட்டரைத்தான் நான் அழுத்திச் சொல்வேன். அந்த ஆறு மாதம் ஆஸ்பத்திரி, ரிப்போர்ட், பணம் என்றே ஓடிவிடும்.

முதல் சில வாரங்களில் என்ன செய்வது?

முதல் மாதம் நடை மட்டும். வாரத்தில் ஐந்து நாள், அரை மணி நேரம், கையை வீசி வேகமாக நடங்கள். இரண்டாம் மாதத்தில் ஒரு நிமிடம் மெதுவாக ஓடி, இரண்டு நிமிடம் நடங்கள். அதையே அரை மணி நேரம் செய்யுங்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஓடும் நேரத்தைக் கொஞ்சம் கூட்டி, நடக்கும் நேரத்தைக் குறையுங்கள்.

பக்கத்தில் வருபவரோடு முழு வாக்கியமாகப் பேச முடிகிற வேகம்தான் சரியான வேகம். பேச்சு துண்டு துண்டாக வந்தால் வேகம் அதிகம். கிலோமீட்டருக்கு 8 நிமிடம் என்ற நிதானமான வேகத்தில் ஓடினாலே முழு மாரத்தான் 5 மணி 37 நிமிடத்தில் முடிந்துவிடும். 9 நிமிடம் என்றால் சுமார் 6 மணி 20 நிமிடம். பதிவு செய்யும்போது அந்த ஆண்டின் கட்-ஆஃப் நேரத்தை, அதாவது எவ்வளவு நேரத்துக்குள் ஓடி முடிக்க வேண்டும் என்பதைப் பார்த்து, அதற்குத் தகுந்த வேகத்தை வைத்துக்கொள்ளுங்கள். வாட்ஸ்அப்பில் யார் யாரோ போடும் வேகத்தைப் பார்க்க வேண்டாம்.

வாரத்தில் இரண்டு நாள் தோப்புக்கரணம், படிக்கட்டு விளிம்பில் நின்று குதிகாலை ஏற்றி இறக்குவது, பிளாங்க் என்று இருபது நிமிடம் செய்தால் முழங்கால் பிழைக்கும்.

வேலையும் இருக்கிறது, அம்மாவையும் பார்த்துக்கொள்ள வேண்டும். பயிற்சிக்கு நேரம் எங்கே?

எல்லாக் கேள்வியிலும் பெரியது இதுதான். அதனால் பதிலும் கொஞ்சம் நீளம்.

பெரும்பாலான நோயாளிகளுக்கு வாரத்துக்கு மூன்று டயாலிசிஸ், ஒவ்வொன்றும் சுமார் நான்கு மணி நேரம். போக வர, ஊசி குத்தி இயந்திரத்தில் இணைக்க, முடிந்த பிறகு ரத்தக் கசிவு நிற்கும் வரை அழுத்திப் பிடிக்க என்று சேர்த்தால் அரை நாள் போய்விடும். முடிந்து வீட்டுக்கு வரும்போது அம்மா துவண்டு போயிருப்பார். அன்று மாலை அவர் பக்கத்தில் ஆள் வேண்டும். எனவே டயாலிசிஸ் நாட்களை முதலில் காலண்டரில் குறித்துவிட்டு, மிச்சம் இருக்கும் இடத்தில் ஓட்டத்தைப் பொருத்துங்கள். இணையத்தில் கிடைக்கும் பயிற்சி அட்டவணையை அப்படியே எடுத்து அம்மாவின் வாரத்தின் மேல் சுமத்தினால் ஒரு மாதம்கூடத் தாங்காது.

வாரத்துக்கு நான்கு ஓட்டம் போதும், மூன்று இருந்தாலும் சமாளிக்கலாம். சிலருக்கு டயாலிசிஸ் நடக்கும் அந்த நான்கு மணி நேரமே பயிற்சி நேரமாகிவிடுகிறது. முதல் ஒரு மணி நேரம் கூட இருங்கள். ரத்த அழுத்தம் நிலையாக இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு டெக்னீஷியனிடம் சொல்லிவிட்டு, போனைச் சத்தத்தில் வைத்து, மையத்தைச் சுற்றியுள்ள தெருக்களிலேயே நாற்பது நிமிடம் ஓடலாம். கூட வந்தவர் வெளியே போகக் கூடாது என்று மையத்தில் விதி இருந்தால் அதை மீற வேண்டாம். கடைசி ஒரு மணி நேரத்தில் கட்டாயம் திரும்பி வந்திருங்கள். அழுத்தம் இறங்குவதும் கால் சுண்டி இழுப்பதும் பெரும்பாலும் அப்போதுதான்.

நீண்ட ஓட்டம் ஞாயிறு காலை. இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். திங்கள், புதன், வெள்ளி டயாலிசிஸ் என்றால் வெள்ளிக்கும் திங்களுக்கும் இடையில்தான் பெரிய இடைவெளி. உடம்பில் நீர் சேர்ந்து மூச்சுத் திணறல் வருவதானால் ஞாயிறு இரவிலோ திங்கள் விடியற்காலையிலோதான் அதிகம் வரும். ஞாயிறு காலை 25 கிலோமீட்டர் ஓடிவிட்டு இரவில் அடித்துப்போட்டது போல் நீங்கள் தூங்கினால், அன்று அம்மா கூப்பிடுவது காதில் விழாது. டிசம்பரின் பெரிய ஓட்டங்கள் வரும் ஞாயிறுகளில் தங்கையோ சித்தியோ யாராவது ஒருவர் இரவு தங்கும்படி முன்கூட்டியே பேசி வையுங்கள். கேட்கக் கூச்சமாக இருக்கும். கேளுங்கள்.

ஆஸ்பத்திரியில் விடிய விடிய உட்கார்ந்திருந்த மறுநாள் ஓடாதீர்கள். விட்டுப்போன ஓட்டத்தை அடுத்த நாள் சேர்த்து ஓடவும் வேண்டாம். போனது போகட்டும்.

நானும் ஏதாவது பரிசோதனை செய்துகொள்ள வேண்டுமா?

கட்டாயம். மாரத்தான் ஓடாவிட்டாலும் செய்ய வேண்டியதுதான். நம் ஊரில் சிறுநீரகம் கெடுவதற்கு முக்கியக் காரணங்கள் சர்க்கரையும் ரத்த அழுத்தமும். இரண்டும் குடும்பத்தில் வரக்கூடியவை. சிறுநீரகத்தில் நீர்க்கட்டிகள் வரும் பாலிசிஸ்டிக் சிறுநீரகம் போன்ற சில நோய்கள் நேராகப் பெற்றோரிடமிருந்து பிள்ளைக்கு வரும். அம்மாவுக்கு எதனால் செயலிழந்தது என்று அவருடைய சிறுநீரக மருத்துவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ரத்த அழுத்தம், சில மாதச் சராசரி சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி, சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின், சிறுநீரில் அல்புமின் என்ற புரதம் ஆகிய நான்கையும் பாருங்கள். நாற்பதை நெருங்குபவர்கள், நெஞ்சில் இறுக்கமோ மயக்கமோ வந்தவர்கள் இதயப் பரிசோதனையும் செய்துகொள்ளுங்கள்.

பரிசோதனைக்கு ரத்தம் கொடுப்பதற்கு முந்தைய ஓரிரு நாள் கடுமையாக ஓடாதீர்கள். நீண்ட ஓட்டத்துக்குப் பிறகு கிரியேட்டினின் தற்காலிகமாக ஏறும், சிறுநீரில் புரதமும் தெரியும். வீட்டில் ஏற்கனவே ஒருவருக்கு இந்த நோய் இருக்கும்போது, அந்த ரிப்போர்ட்டைப் பார்த்து வீடே கலங்கிப்போகும்.

அம்மாவுக்கு நானே சிறுநீரகம் கொடுக்கப்போகிறேன். பயிற்சியைத் தொடரலாமா?

உறுப்பு மாற்று சிகிச்சைக் குழுவிடம் நீங்கள் ஓடுவதை முதல் நாளே சொல்லிவிடுங்கள். பரிசோதனைக் காலத்தில் லேசான ஓட்டத்தை அவர்கள் பெரும்பாலும் தடுப்பதில்லை. அறுவை சிகிச்சைத் தேதி தெரிந்துவிட்டால் மாரத்தானை அடுத்த ஆண்டுக்குத் தள்ளுங்கள். இதில் யோசிக்கவே வேண்டாம். ஒரு சிறுநீரகத்தோடு மாரத்தான் ஓடியவர்கள் உலகத்தில் இருக்கிறார்கள். ஆனால் எப்போது திரும்ப ஓடலாம் என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

எவ்வளவு தண்ணீர் குடிப்பது?

தாகத்துக்குக் குடியுங்கள். சென்னையில் விடியற்காலை ஐந்து மணிக்கே காற்றில் ஈரம் நிறைந்திருக்கும். வியர்வை காயாது, வழிந்துகொண்டே இருக்கும். ஓடப்போகும் முன்பும் ஓடி வந்த பின்பும் எடை பாருங்கள். ஒரு கிலோ குறைந்திருந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் வியர்வை போயிருக்கிறது. எடை கூடியிருந்தால் தேவைக்கு மேல் குடித்திருக்கிறீர்கள். அது இன்னும் ஆபத்து. வெறும் தண்ணீரை லிட்டர் கணக்கில் குடித்தால் ரத்தத்தில் சோடியம் இறங்கி, தலைவலி, வாந்தி, குழப்பம், வலிப்பு வரை போகும். உப்பு, சர்க்கரை சேர்ந்த ஓஆர்எஸ் கரைசல் கையில் இருப்பது நல்லது.

எங்கள் வீட்டில் ஒரே எடை இயந்திரம்தான். காலையில் அம்மா அதில் ஏறி, போன டயாலிசிஸிலிருந்து எவ்வளவு நீர் சேர்ந்திருக்கிறது என்று பார்ப்பார். அவர் இறங்கியதும் நான் ஏறி எவ்வளவு நீர் போயிருக்கிறது என்று பார்ப்பேன். அவருக்கு மருத்துவர் சொன்ன ஒரு நாள் தண்ணீரைக் காலையிலேயே ஒரு பாட்டிலில் ஊற்றி வைத்துவிடுவார். காபி குடித்தால் அந்த அளவைப் பாட்டிலிலிருந்து எடுத்துவிடுவார். மருந்து விழுங்க இரண்டு வாய், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு எவர்சில்வர் டம்ளரில் கால் பங்கு. உங்கள் வீட்டிலும் இப்படித்தான் இருக்கும். ஓடி வந்து அம்மா முன்னால் மடமடவென்று ஒரு லிட்டரைக் குடிக்காதீர்கள். தாகம் அவருக்கும் இருக்கிறது. சமையலறையிலோ மாடியிலோ குடித்துவிட்டு வாருங்கள்.

என்ன சாப்பிடுவது? அம்மாவுக்கு ஒன்று, எனக்கு ஒன்று சமைக்க வேண்டுமா?

அடிப்படை ஒன்றாகவே இருக்கலாம். இட்லி, சாதம், முட்டை, மருத்துவர் சொன்ன அளவில் பருப்பு, காய். மாரத்தானுக்கு முக்கியம் மாவுச்சத்து. நம் சாப்பாட்டில் அதற்குப் பஞ்சமில்லை. ஓடுவதற்கு ஒன்றரை மணி நேரம் முன் இரண்டு இட்லி அல்லது ஒரு வாழைப்பழம் போதும். ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஓடும்போது மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து உள்ளே போக வேண்டும். ஓட்டக்காரர்களுக்கென்று பாக்கெட்டில் விற்கும் ஜெல்தான் வேண்டும் என்றில்லை. பேரீச்சம்பழம், கடலை மிட்டாய், வெல்லம் எல்லாம் வேலை செய்யும். எது உங்கள் வயிற்றுக்கு ஒத்துக்கொள்கிறது என்பதைப் பயிற்சியிலேயே பார்த்துவிடுங்கள்.

கவனம் தேவைப்படுவது வேறு இடத்தில். வாழைப்பழம், இளநீர், பேரீச்சம்பழம், ஓஆர்எஸ், எலக்ட்ரோலைட் பானம் என்று ஓடுபவருக்கு நல்லது எல்லாம் டயாலிசிஸ் நோயாளிக்குப் பெரும்பாலும் ஆகாதவை. இவற்றில் உள்ள பொட்டாசியம் உடம்பில் ஏறினால் இதயத் துடிப்பே தாறுமாறாகும். ஃபிரிட்ஜில் நீங்கள் கலந்து வைத்த ஆரஞ்சு நிறப் பானத்தை ஜூஸ் என்று நினைத்து அம்மா குடித்துவிடக் கூடாது. உங்கள் சாமான்களைத் தனி அலமாரியில், தனி நிற பாட்டிலில் வையுங்கள். சமையலுக்கு வரும் அக்காவிடமும் சொல்லி வையுங்கள். பொட்டாசியம் கலந்த ‘லோ சோடியம்’ உப்பும் அந்த வீட்டுக்கு வேண்டாம்.

முழங்கால் வலிக்கிறது. மாத்திரை போட்டுக்கொண்டு ஓடலாமா?

கூடாது. இதை எத்தனை முறை வேண்டுமானாலும் சொல்வேன். டைக்லோஃபெனாக், ஐபுப்ரோஃபென் மாதிரியான வலி மாத்திரைகள் சிறுநீரகத்துக்குப் போகும் ரத்த ஓட்டத்தைக் குறைக்கும். நீர் வற்றிய உடம்போடு மணிக்கணக்கில் ஓடும்போது ஏற்கனவே அங்கே ரத்த ஓட்டம் குறைந்துதான் இருக்கும். இரண்டும் சேர்ந்தால் சிறுநீரகம் திடீரென்று பாதிக்கப்படலாம். நோயாளிகளின் பழைய சீட்டுகளைப் புரட்டினால், மெடிக்கல் ஷாப்பில் தானாக வாங்கி வருடக்கணக்கில் விழுங்கிய வலி மாத்திரைகளின் கதை நிறையக் கிடைக்கும். சிறுநீரக நோயாளிகளுக்காக ஓடுகிறவர் அந்த மாத்திரையைப் போட்டுக்கொண்டு ஓடுவதை என்னால் ஏற்கவே முடியாது.

இரண்டு பக்கமும் ஒரே மாதிரி, தசையில், ஓடி முடித்த மறுநாள் வலித்தால் அது பழகும் வலி. ஒரு பக்கம் மட்டும், ஒரு புள்ளியில், ஓட ஓடக் கூடுகிற வலி என்றால் நிறுத்துங்கள். ஒரு வாரம் ஓய்வு எடுத்தும் போகவில்லை என்றால் பிசியோதெரபிஸ்டைப் பாருங்கள்.

எந்த ஷூ வாங்குவது?

ஓடுவதற்கென்றே செய்த ஷூவாக, கட்டைவிரலுக்கு முன்னால் ஒரு விரற்கடை இடம் இருக்கும்படி மாலை நேரத்தில் போட்டுப் பார்த்து வாங்குங்கள். மாலையில் பாதம் சற்று வீங்கியிருக்கும், அதுதான் சரியான அளவு. 500 முதல் 800 கிலோமீட்டரில் மாற்ற வேண்டி வரும். ஓட்ட நாளுக்குப் புது ஷூ வேண்டாம்.

மே மாத வெயில், நவம்பர் மழை. இரண்டுக்கும் நடுவில் எப்படி ஓடுவது?

ஏப்ரல் முதல் ஜூன் வரை காலை ஆறரை மணிக்குள் வீட்டுக்கு வந்துவிடுங்கள். அந்த மாதங்களில் வேகம் குறைவதைப் பற்றிக் கவலையே வேண்டாம். அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. நீண்ட ஓட்டங்கள் எல்லாம் வந்து விழுவதும் சரியாக அப்போதுதான். தூறலில் ஓடலாம். இடி மின்னலிலும், தேங்கிய தண்ணீரிலும் வேண்டாம். மூடி இல்லாத பள்ளம் தண்ணீருக்கடியில் தெரியாது, அறுந்து கிடக்கும் கம்பியும் தெரியாது. மழைக்கென்று இரண்டு ஞாயிறுகளை அட்டவணையில் காலியாகவே விட்டு வையுங்கள்.

தனியாக ஓடுவதைவிட, முக்கியமாகப் பெண்கள் இருட்டில் கிளம்பும்போது, குழுவோடு ஓடுவது நல்லது. சென்னை ரன்னர்ஸ் குழுவுக்குப் பகுதிவாரியாகக் கிளைகள் இருக்கின்றன. மெரினாவிலும் பெசன்ட் நகர் கடற்கரையிலும் ஞாயிறு விடியலில் போய் நின்றால் ஓடுகிறவர்களைக் கண்டுபிடிக்க ஐந்து நிமிடம் ஆகாது. நடையும் ஓட்டமுமாக வருகிறவர்களும் அங்கே நிறையப் பேர், கூச்சப்பட வேண்டாம்.

டயாலிசிஸ்தான் அரசு ஆஸ்பத்திரியில் இலவசமாயிற்றே, யாருக்காக நிதி திரட்டுவது?

உண்மை. முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் டயாலிசிஸ் வருகிறது. 2016-இல் மத்திய அரசு கொண்டுவந்த தேசிய டயாலிசிஸ் திட்டம் இருக்கிறது. 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில், வயிற்று வழியாக டயாலிசிஸ் செய்துகொள்பவர்களுக்கு வீட்டுக்கே டயாலிசிஸ் திரவப் பைகள் வருகின்றன. இவை எத்தனையோ உயிர்களைப் பிடித்து நிறுத்தியிருக்கின்றன.

ஆனாலும் வாரத்துக்கு மூன்று முறை என்றால் ஆண்டுக்கு 156 முறை. ஒவ்வொரு முறையும் ஆட்டோவுக்கோ பஸ்ஸுக்கோ பணம் வேண்டும். கூட வருபவருக்கு அன்றைய கூலி போகும். ரத்தசோகைக்கான ஊசி, ரத்தப் பரிசோதனை, சத்துள்ள சாப்பாடு என்று செலவு நீண்டுகொண்டே போகும். இயந்திரம் இலவசமாக இருந்தும், போக வரக் காசில்லாமல் வாரம் மூன்றை இரண்டாகக் குறைத்துக்கொள்பவர்கள் இருக்கிறார்கள். உங்கள் நிதி நிரப்ப வேண்டிய இடம் அது.

சென்னையில் 1993-இல் சிறுநீரக நோயாளிகளுக்காகத் தொடங்கிய டேங்கர் (TANKER) அறக்கட்டளை குறைந்த கட்டண டயாலிசிஸ் மையங்களை நடத்துகிறது. இப்படிப் பல ஆண்டுகளாகக் களத்தில் இருக்கும் அமைப்பாகப் பார்த்து, நேரில் போய், பணம் எதற்குச் செலவாகும் என்று கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள். மாரத்தான் பதிவுக் கட்டணத்தை நன்கொடை என்று நினைத்துவிடாதீர்கள். அதில் பெரும்பகுதி ஓட்டத்தை நடத்தவே ஆகும். நன்கொடையைத் தனியாகத்தான் திரட்ட வேண்டும்.

பணம் கேட்பது எப்படி? எனக்கு யாரிடமும் கேட்டுப் பழக்கமில்லை.

கேட்பதற்கு முன் அம்மாவிடம் சம்மதம் வாங்குங்கள். நோய் அவருடையது. ஃபிஸ்டுலா (டயாலிசிஸ் ஊசி குத்துவதற்காக ரத்தக் குழாய்களை இணைத்த இடம்) போட்ட கையின் படமோ, மெஷினில் படுத்திருக்கும் படமோ குடும்ப குரூப்பில் வருவது பலருக்குப் பிடிக்காது. வேண்டாம் என்றால் வேண்டாம்தான். “எங்கள் வீட்டில் ஒருவர்” என்று எழுதினாலே போதும். சிலர் நேர்மாறாக, பெயரோடு போடு என்பார்கள். என் அம்மா அந்த ரகம். பட்டுப்புடவை கட்டி எடுத்த படத்தைத்தான் போட வேண்டும் என்று ஒரே பிடிவாதம்.

செய்தி சின்னதாக இருக்கட்டும். இப்படி எழுதலாம்: “அம்மாவுக்கு இரண்டு வருஷமாக டயாலிசிஸ் நடக்கிறது. ஆஸ்பத்திரிக்கு வரப் பஸ் காசு இல்லாதவர்களை வாரத்துக்கு மூன்று முறை பார்க்கிறேன். அவர்களுக்காக ஜனவரியில் மாரத்தான் ஓடுகிறேன். ஒரு நோயாளியின் ஒரு மாதப் பயணச் செலவு இவ்வளவு. முடிந்ததைக் கொடுங்கள். பணம் நேராக அறக்கட்டளைக் கணக்குக்குப் போகும்.” அந்தக் கடைசி வாக்கியம் ரொம்ப முக்கியம். உங்கள் ஜிபே எண்ணுக்குப் பணம் வாங்காதீர்கள். நெருங்கிய சொந்தத்தில்கூடப் பின்னால் பேச்சு வரும். பொதுவாக அனுப்பும் செய்திக்கு ஐந்தாறு பேர் கொடுப்பார்கள். தனித்தனியாகப் பெயர் சொல்லிக் கேட்டால் பாதிக்கு மேல் கொடுப்பார்கள். கொடுக்காதவர்களிடம் இரண்டாவது முறை நினைவூட்டலாம், மூன்றாவது முறை வேண்டாம்.

நன்கொடைக்கு வருமான வரிச் சலுகை தரும் 80ஜி அனுமதி உள்ள அமைப்பு என்றால், பழைய வரிமுறையில் இருப்பவர்களுக்கு வரிச் சலுகை உண்டு. ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் அந்தச் சலுகை கிடைக்காது.

பணம் இல்லாதவர்களிடம் உடல் உறுப்பு தானத்துக்குப் பதிவு செய்யச் சொல்லுங்கள். 2008-லிருந்து மூளைச்சாவு அடைந்தவர்களின் உறுப்புகளை முறையாகப் பகிர்ந்து கொடுக்கும் ஏற்பாடு தமிழ்நாட்டில் இருக்கிறது. அப்படியும் சிறுநீரகத்துக்காகக் காத்திருப்பவர்களின் வரிசை நீளம்.

அம்மா படுத்திருக்கும்போது நான் ஓடப் போவது சுயநலமாகத் தோன்றுகிறது.

இந்தக் கேள்வியை வாய்விட்டுக் கேட்பவர்கள் குறைவு, மனதில் வைத்திருப்பவர்கள் அதிகம். நோயாளியைப் பார்த்துக்கொள்பவர் தூக்கம் கெட்டு, நேரத்துக்குச் சாப்பிடாமல், தன் ரத்த அழுத்தத்தையே பார்க்காமல் விட்டு ஐந்தாறு வருஷத்தில் அவரும் நோயாளியாவதை நான் பார்த்திருக்கிறேன். டயாலிசிஸ் ஒரு மாதத்தில் முடிகிற விஷயம் இல்லை. மாற்றுச் சிறுநீரகம் கிடைக்கும் வரை, கிடைக்காவிட்டால் ஆயுள் முழுக்க. அவ்வளவு காலம் கூட நிற்க உங்களுக்கும் உடம்பு வேண்டும். வாரத்தில் நான்கு மணி நேரம் எடுத்துக்கொள்வது அம்மாவிடமிருந்து திருடுவது ஆகாது.

அதே நேரம், ஓட்டம் அம்மாவின் நோயைக் குணமாக்காது. அப்படி மனதுக்குள் ஒரு கணக்கு இருந்தால் அதை விட்டுவிடுங்கள். சாமிக்கு நேர்ந்துகொண்ட மாதிரி, ஓடி முடித்தால் அவர் தேறிவிடுவார் என்று நினைத்து ஓடுகிறவர்கள், ரிப்போர்ட் மோசமாக வரும் நாளில் உடைந்துபோகிறார்கள்.

ஓட்டத்துக்கு முந்தைய வாரம் அம்மாவுக்கு முடியாமல் போனால்?

ஓடாதீர்கள். கூட இருங்கள். திரட்டிய பணம் சேர வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. யாரும் திருப்பிக் கேட்க மாட்டார்கள். நன்கொடை கொடுத்தவர்களுக்கு இரண்டு வரி எழுதிப் போட்டால் போதும்.

பயிற்சிக்கு நடுவில் அம்மா தவறிவிட்டால், காரியம் எல்லாம் முடியும் வரை ஓட்டத்தை நினைக்கவே வேண்டாம். பிறகு நடையிலிருந்து ஆரம்பியுங்கள். தூக்கமும் சாப்பாடும் திரும்பாமல் தூரத்தைக் கூட்டினால் காய்ச்சலும் காயமும்தான் வரும். அந்த ஆண்டே ஓட வேண்டும் என்று சிலருக்கு வெறி வரும், சிலருக்கு ஷூவைப் பார்க்கவே பிடிக்காது. இரண்டுமே நடப்பதுதான்.

ஓட்ட நாளன்று என்ன கவனிக்க வேண்டும்?

பயிற்சியில் சாப்பிட்டதையே சாப்பிட்டு, பயிற்சியில் போட்டதையே போடுங்கள். அக்குள், தொடை, மார்புக் காம்பு எல்லாம் உராயும், வாசலின் தடவுங்கள். சட்டையில் குத்திக்கொள்ளும் பிப் எண் அட்டையின் பின்பக்கம் வீட்டு போன் எண்ணையும் ரத்த வகையையும் எழுதிக்கொள்ளுங்கள். முதல் பத்து கிலோமீட்டரில் எல்லோரும் உங்களைத் தாண்டிப் போகட்டும். 30-க்கு மேல் தசையில் சேர்த்து வைத்திருந்த சர்க்கரை தீர்ந்து, கால் கல்லாகிவிடும். அதுவரை நேரத்துக்கு நேரம் சாப்பிட்டுக்கொண்டே வந்திருந்தால் அந்த இடத்தைத் தாண்டுவது எளிது. தண்ணீர் மேசைக்கு மேசை நடங்கள், பிறகு ஓடுங்கள். தலை சுற்றல், குளிர் நடுக்கம், பேச்சு குழறுவது, நெஞ்சு இறுக்கம் இவற்றில் எது வந்தாலும் பக்கத்தில் இருக்கும் மருத்துவக் கூடாரத்தில் உட்கார்ந்துவிடுங்கள். நீங்கள் நல்லபடியாக வீடு திரும்புவதுதான் அம்மாவுக்கு வேண்டும்.

அம்மாவை ஃபினிஷ் லைனுக்கு அழைத்து வரலாமா?

டயாலிசிஸுக்கு மறுநாளாக இருந்து, அவருக்கும் தெம்பு இருந்தால் அழைத்து வரலாம். பல சாலைகளை அடைத்திருப்பார்கள். வண்டி எதுவரை வரும் என்று முந்தைய நாளே விசாரியுங்கள். மடக்கு நாற்காலி, தொப்பி, முகக்கவசம், அவருடைய அளவுத் தண்ணீர் பாட்டில், மாத்திரை, கூட ஒரு ஆள் அவசியம். கூட்டத்தில் ஃபிஸ்டுலா கையை யாரும் பிடித்து இழுக்காமலும், அதில் பை மாட்டாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும். நீங்கள் எத்தனை மணிக்கு வருவீர்கள் என்பதை அரை மணி நேரம் தள்ளியே சொல்லுங்கள். இல்லாவிட்டால் காத்திருக்கும் நேரம் முழுக்கப் பதறிக்கொண்டிருப்பார்.

ஓடி முடித்த பிறகு?

உடனே உட்காராமல் பத்து நிமிடம் நடங்கள். உப்பும் மாவுச்சத்தும் உள்ள எதையாவது சாப்பிடுங்கள், தயிர்சாதமும் ஊறுகாயும் பிரமாதமாக இருக்கும். அன்றும் வலி மாத்திரை வேண்டாம். சிறுநீர் கோலா நிறத்தில் போனாலோ, மணிக்கணக்கில் போகாமலே இருந்தாலோ மருத்துவமனைக்குக் கிளம்பிவிடுங்கள். தசை சிதைந்து சிறுநீரகத்தை அடைப்பதன் அறிகுறியாக அது இருக்கலாம். இரண்டு வாரம் ஓட்டம் வேண்டாம், நடை போதும். ஓட்டத்துக்கு மறுநாள் டயாலிசிஸ் இருந்தால், அம்மாவை அழைத்துப்போக முன்கூட்டியே வேறு ஆள் ஏற்பாடு செய்திருங்கள். திங்கட்கிழமை உங்களால் படி இறங்க முடியாது.

ஒரு வாரத்துக்குள் அறக்கட்டளையிடம் மொத்தத் தொகையையும், அது எத்தனை பேருக்கு எதற்காகப் போகிறது என்பதையும் எழுத்தில் வாங்கி, கொடுத்த ஒவ்வொருவருக்கும் பெயர் சொல்லி அனுப்புங்கள். நூறு ரூபாய் கொடுத்தவருக்கும் அதே கடிதம்தான். ரசீது வராதவர்கள் யார் என்று கேட்டு வாங்கிக் கொடுங்கள்.